குறைந்த முதலீட்டுத் திகில், அறிவியல் புனைவுப் படங்கள்

குறைந்த முதலீட்டுத் திகில், அறிவியல் புனைவுப் படங்கள் என்பவை அமெரிக்காவில் 1950-களில் பெருகிய ஒரு திரைப்பட வகை. பெரிய ஸ்டுடியோக்களுக்கு வெளியே, சில நாட்களிலோ சில வாரங்களிலோ, கைக்குக் கிடைத்த நடிகர்களையும் பொருட்களையும் கொண்டு எடுக்கப்பட்டவை. இவற்றில் பெரும்பாலானவை வந்த சுவடு தெரியாமல் மறைந்தன. சில மட்டும் பல ஆண்டுகள் கழித்து, நள்ளிரவுக் காட்சிகளிலும் தொலைக்காட்சியின் பின்னிரவு ஒளிபரப்பிலும் புதிய பார்வையாளர்களைப் பெற்றன. ஒரு சிறு கூட்டம் விடாமல் திரும்பத் திரும்பப் பார்க்கும் இத்தகைய படங்களைக் 'கல்ட்' படங்கள் என்பர்.

இப்படங்களைப் பற்றி எழுதுவோர் ஒன்று கேலி செய்கிறார்கள், அல்லது கேலிக்கு மறுப்பாகத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். இரு தரப்பாரும் படத்தை முழுதாகப் பார்ப்பதில்லை. பணம் இல்லாததால் வந்த குறை வேறு, சிந்தனை இல்லாததால் வந்த குறை வேறு. கிழிந்த நோட்டில் எழுதிய சரியான விடைக்கு மதிப்பெண் குறைக்கலாகாது. நோட்டு கிழிந்திருக்கிறது என்பதற்காகத் தவறான விடைக்கு மதிப்பெண் போடுவதும் முறையல்ல.

பின்னணி

1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பாரமவுண்ட் வழக்கில் அளித்த தீர்ப்பு, பெரிய ஸ்டுடியோக்கள் தங்கள் திரையரங்குகளைக் கைவிட வழிவகுத்தது. அதே காலத்தில் தொலைக்காட்சி வீடுகளுக்குள் வந்தது. குடும்பங்கள் வீட்டிலேயே தங்க, காரில் அமர்ந்தபடி படம் பார்க்கும் திறந்தவெளி அரங்குகளுக்கு இளைஞர்கள் போனார்கள். அவர்களுக்காகவே படம் எடுக்கும் சிறு நிறுவனங்கள் தோன்றின. அமெரிக்கன் இன்டர்நேஷனல் பிக்சர்ஸ் நிறுவனத்தில் முதலில் தலைப்பும் சுவரொட்டியும் தயாராகிப் பின்னர் கதை எழுதப்படுவதும் உண்டு. இந்தச் சூழலில் வளர்ந்தவர் ரோஜர் கோர்மன். அவருடைய 'தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்' (1960) படத்தின் உட்புறக் காட்சிகள், வேறொரு படத்துக்குப் போட்டிருந்த அரங்கத்தில் 2 நாட்களில் எடுக்கப்பட்டன. வலியை ரசிக்கும் பல் நோயாளியாக அதில் வருபவர், அப்போது யாருக்கும் தெரியாத ஜாக் நிக்கல்சன்.

கோர்மன் கணக்கில் கெட்டிக்காரர். பில் டக்கர் இயக்கிய 'ரோபோ மான்ஸ்டர்' (1953) படத்தைப் பார்த்தால் கணக்கும் தவறிய நிலை தெரியும். உலகை அழிக்க வரும் வேற்றுக்கோள் உயிரிக்கு எந்திர உடை செய்யப் பணம் இல்லை. எனவே மனிதக்குரங்கு உடை அணிந்த ஒருவரின் தலையில் முழுக்காளியின் தலைக்கவசம் போன்ற ஒன்றை மாட்டிவிட்டார்கள். குகை வாசலில் சோப்புக் குமிழிகள் பறக்கின்றன. அதுதான் எதிரியின் தகவல் தொடர்புக் கருவி. இத்தனைக்கும் இப்படத்தின் இசையமைப்பாளர் எல்மர் பெர்ன்ஸ்டைன். பின்னாளில் 'தி மேக்னிஃபிசன்ட் செவன்' படத்துக்கு இசையமைத்த அதே மனிதர். குரங்கு உடை திரையில் நடக்கும்போதும் இசை தன் வேலையைப் பொறுப்பாகச் செய்துகொண்டிருக்கிறது.

பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்

எட் வுட் எழுதி இயக்கிய இப்படம் 1956-இல் எடுக்கப்பட்டு, 1957-இல் 'கிரேவ் ராபர்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்' என்ற பெயரில் முன்னோட்டமாகக் காட்டப்பட்டது. பணம் கொடுத்தவர்கள் பெவர்லி ஹில்ஸைச் சேர்ந்த பாப்டிஸ்ட் திருச்சபையினர். கல்லறைத் திருட்டைக் குறிக்கும் தலைப்பு அவர்களுக்குப் பிடிக்காததால் பெயர் மாறியது. 1980-இல் மெட்வெட் சகோதரர்களின் 'தி கோல்டன் டர்க்கி அவார்ட்ஸ்' என்ற நூல் இதை உலகின் மிக மோசமான படம் என்று அறிவித்தது. அந்த அறிவிப்புதான் படத்துக்கு இரண்டாம் வாழ்வு தந்தது.

குறைகளைத் தேட வேண்டியதில்லை. கல்லறைக் கற்கள் ஆடுகின்றன. ஒரே துரத்தல் காட்சியில் பகலும் இரவும் மாறி மாறி வருகின்றன. விமானி அறை என்று காட்டப்படும் இடத்தில் ஒரு திரைச்சீலைதான் இருக்கிறது. காவல் அதிகாரி கைத்துப்பாக்கியின் முனையால் தன்னையே சொறிந்துகொள்கிறார். இவற்றில் கல்லும் திரைச்சீலையும் பணக்குறை. துப்பாக்கி கவனக்குறை. இன்னொரு முறை எடுக்கச் சொல்லியிருந்தால் சரியாகியிருக்கும்.

ஆனால் கதையின் அடிக்கருத்து அற்பமானதல்ல. மனிதர்கள் அணுகுண்டையும் ஹைட்ரஜன் குண்டையும் செய்துவிட்டார்கள். அடுத்து சூரிய ஒளியையே வெடிக்கச் செய்யும் ஆயுதத்தைக் கண்டுபிடித்துப் பிரபஞ்சத்தை அழித்துவிடுவார்கள் என்று அஞ்சி வேற்றுக்கோளினர் வருகிறார்கள். அரசாங்கம் அவர்கள் வந்ததையே மறுக்கிறது. செத்தவர்களை எழுப்பியாவது கவனத்தைத் திருப்பலாம் என்பதே ஒன்பதாம் திட்டம். பனிப்போர்க் காலத்தில், மனிதர்கள் முட்டாள்கள் என்று ஒரு வேற்றுக்கோளான் கத்துவதும், அதற்கு விடையாகக் கதாநாயகன் அவனை முகத்தில் குத்துவதும் வுட் அறிந்தெழுதியதா அறியாமல் எழுதியதா என்று சொல்ல முடியவில்லை. எப்படியானாலும் அந்தக் குத்து வேற்றுக்கோளான் சொன்னதை மெய்ப்பிக்கிறது. அதே காட்சியில், பெண்கள் இனவிருத்திக்கு மட்டுமே என்னும் பொருளில் அவன் பேசித் தன் துணையை ஒதுக்கித் தள்ளுகிறான். இந்தக் குறையைப் பட்ஜெட் மேல் போட முடியாது.

படத்தில் சிரிக்க முடியாத இடம் ஒன்று உண்டு. 1931-இன் 'டிராகுலா'வால் உலகப் புகழ்பெற்ற பேலா லுகோசி 1956 ஆகஸ்டில் காலமானார். கடைசி ஆண்டுகளில் வாய்ப்பும் பணமும் இன்றி, மார்ஃபின் பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றவர். அவர் இறப்பதற்கு முன் வுட் எடுத்து வைத்திருந்த சில நிமிடத் துண்டுகள் இப்படத்தில் சேர்க்கப்பட்டன. மனைவியை இழந்த முதியவர் ஒருவர் வீட்டிலிருந்து வெளியே வருகிறார். நின்று, ஒரு பூவைப் பறித்து முகர்கிறார். பிறகு திரையை விட்டு வெளியேறுகிறார். வாகன விபத்தின் ஒலி மட்டும் கேட்கிறது. இவ்வளவுதான். மற்றக் காட்சிகளில் வுட்டின் மனைவியுடைய எலும்பு சீரமைப்பு வைத்தியர், லுகோசியை விட உயரமானவர், மேலங்கியால் முகத்தை மூடிக்கொண்டு நடக்கிறார். அதைப் பார்த்து எல்லாரும் சிரிக்கிறார்கள். பூப் பறிக்கும் கிழவரைப் பார்த்துச் சிரிப்பவர் குறைவு.

வுட் 1978 டிசம்பரில், வாடகை வீட்டிலிருந்து வெளியேற்றப்பட்ட சில நாட்களில், 54-ஆம் வயதில் நண்பர் வீட்டில் இறந்தார். மெட்வெட் நூல் வந்தது அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து. டிம் பர்டனின் 'எட் வுட்' (1994) படத்தில் லுகோசியாக நடித்த மார்ட்டின் லாண்டாவுக்கு ஆஸ்கர் கிடைத்தது.

கார்னிவல் ஆஃப் சோல்ஸ்

கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் சென்ட்ரான் என்ற நிறுவனம் பள்ளிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் பாடப்படங்கள் எடுத்துவந்தது. அங்கே இயக்குநராக இருந்த ஹெர்க் ஹார்வி, சால்ட் ஏரிக்கரையில் கைவிடப்பட்டுக் கிடந்த சால்ட்டேர் கேளிக்கை மண்டபத்தைக் காரில் போகும்போது பார்த்தார். அந்தக் கட்டடமே கதைக்கு விதை. சுமார் 3 வாரங்களில், ஏறத்தாழ 33,000 டாலரில் எடுக்கப்பட்ட 'கார்னிவல் ஆஃப் சோல்ஸ்' (1962) அவர் இயக்கிய ஒரே முழுநீளக் கதைப்படம்.

ஆற்றில் விழுந்த காரிலிருந்து ஒரு பெண் மட்டும் எழுந்து வருகிறாள். தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் வேலைக்காக யூட்டாவுக்குப் போகிறாள். வெளிறிய முகமுள்ள ஒருவன் பின்தொடர்கிறான். அவனாக நடித்தவர் ஹார்வியே. ஒப்பனை வெள்ளைப் பூச்சுதான். பயம் அந்த முகத்தால் வருவதல்ல. துணிக்கடையில் நிற்கும்போது திடீரென எல்லா ஓசையும் நின்றுபோகிறது. கடைப்பெண்ணுக்கு அவள் பேசுவது கேட்கவில்லை, அவள் நிற்பதே தெரியவில்லை. ஒலிப்பதிவை நிறுத்துவதற்கு எந்தச் செலவும் இல்லை. கூட்டத்தின் நடுவே ஒருவர் கண்ணுக்கும் படாமல் போவதன் திகிலை இதைவிடக் குறைந்த பொருட்செலவில் காட்டியவர் யார்? பாடப்படம் எடுத்த பழக்கம் கெடுத்த இடமும் உண்டு. மருத்துவர் ஒருவர் வந்து அவள் மனநிலையைப் பாடம்போல் விளக்குகிறார். உதட்டசைவோடு பொருந்தாத குரல்களை மன்னிக்கலாம். அந்த விளக்கத்தை மன்னிப்பது கடினம்.

நைட் ஆஃப் தி லிவிங் டெட்

ஜார்ஜ் ரொமேரோ பிட்ஸ்பர்க் வட்டாரத்தில் எடுத்து 1968-இல் வெளிவந்த இப்படத்தின் செலவு சுமார் 114,000 டாலர். அதற்கு முன் விளம்பரப் படங்களும், குழந்தைகளுக்கான 'மிஸ்டர் ரோஜர்ஸ்' நிகழ்ச்சிக்குச் சில துண்டுகளும் எடுத்தவர் அவர். கருப்பு வெள்ளையில் ரத்தமாகத் தெரிவது சாக்லேட் பாகு. கதை ஒரு பண்ணை வீட்டுக்குள் அடங்கிவிடுகிறது. உலகம் முழுவதும் என்ன நடக்கிறது என்பதை வானொலியும் தொலைக்காட்சியும் சொல்லிவிடுகின்றன. செய்தி வாசிப்பவரின் சலனமற்ற குரல், ஆயிரம் துணைநடிகர்கள் தர முடியாத நம்பகத்தைத் தருகிறது.

கதாநாயகன் பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் கறுப்பினத்தவர். பாத்திரம் அப்படி எழுதப்படவில்லை. தேர்வுக்கு வந்தவர்களில் அவரே சிறப்பாக நடித்தார் என்பது ரொமேரோவின் விளக்கம். படிப்பறிவு குறைந்த லாரி ஓட்டுநராக எழுதப்பட்டிருந்தவரின் பேச்சை ஜோன்ஸ் மாற்றிக்கொண்டார். மேலேயே இருந்து போராட வேண்டும் என்று பென்னும், நிலவறைக்குள் ஒளிய வேண்டும் என்று கூப்பரும் சண்டையிடுகிறார்கள். பார்ப்பவர் மனம் பென் பக்கமே நிற்கும். ஆனால் பென்னின் திட்டத்தால் ஓர் இளஞ்சோடி தீயில் மடிகிறது. கடைசியில் பென் உயிர் பிழைப்பது அதே நிலவறையில் ஒளிந்துதான். நல்லவன் சொன்னது தவறாகவும் கெட்டவன் சொன்னது சரியாகவும் போகும் இந்தத் துணிவு பெரிய பட்ஜெட் படங்களில் அரிது. விடிந்ததும் தேடுதல் படையினர் பென்னையும் பிணம் என்று எண்ணிச் சுட்டுக் கொல்கிறார்கள். அவன் உடலைக் கொக்கிகளால் இழுப்பது செய்தித்தாள் படம்போல் உறைநிலைப் படங்களாகக் காட்டப்படுகிறது. 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஆண்டில் இந்தப் படங்களுக்கு விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

குறை பார்பரா பாத்திரம். அண்ணனைப் பறிகொடுத்தபின் படம் முழுவதும் பிரமை பிடித்தவளாகச் சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள். 1990-இல் வந்த மறு ஆக்கத்துக்குத் திரைக்கதை எழுதியபோது ரொமேரோவே அவளை எழுந்து நிற்க வைத்தார்.

தலைப்பு மாறியபோது விநியோகஸ்தர் புதிய தலைப்புச் சட்டத்தில் பதிப்புரிமைக் குறிப்பைச் சேர்க்க மறந்தார். அன்றைய சட்டப்படி படம் பொதுச் சொத்தானது. யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்தார்கள், காட்டினார்கள். புகழ் பரவியது; உழைத்தவர்களுக்கு வரவேண்டிய பணம் வரவில்லை. இன்று இப்படத்தை இணையத்தில் இலவசமாகப் பார்க்கும் மாணவர் அந்த மறதியின் பயனைத்தான் அனுபவிக்கிறார்.

சலிப்பு

ரசிகர்கள் அதிகம் பேசாத குறை சலிப்பு. எல் பாசோவைச் சேர்ந்த உர விற்பனையாளர் ஹால் வாரன், யாராலும் திகில் படம் எடுக்க முடியும் என்று பந்தயம் கட்டி எடுத்த 'மேனோஸ்: தி ஹேண்ட்ஸ் ஆஃப் ஃபேட்' (1966) இதற்குச் சான்று. சாவி முடுக்கும் கேமரா ஒரு முறைக்கு அரை நிமிடம்தான் ஓடும். ஆகவே ஒவ்வொரு காட்சியும் துண்டு துண்டாக நிற்கிறது. தொடக்கத்தில் கார் ஓடுகிறது, ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. 'மேனோஸ்' என்பதற்கே ஸ்பானிய மொழியில் கைகள் என்று பொருள். தலைப்பே கூறியது கூறல். 1993-இல் ஒரு தொலைக்காட்சிக் கேலி நிகழ்ச்சி இதைப் பிரபலமாக்கியது. கேலிக்காரர்கள் இல்லாமல் தனியே உட்கார்ந்து பார்த்தால் ஒன்றேகால் மணி நேரம் ஒரு யுகம். வாரனுக்காவது பந்தயம் இருந்தது. 'ஷார்க்நேடோ' (2013) போல, மோசமாக இருக்கும்படியே திட்டமிட்டு எடுக்கப்படும் படங்களில் அதுவும் இல்லை. இல்லாதவன் கந்தை கட்டுவதும் இருப்பவன் கந்தை வாங்கிக் கட்டுவதும் ஒன்றாகாது.

தமிழ்நாட்டுக்கும் இவ்வகையில் நேரடித் தொடர்பு உண்டு. சேலம் மாடர்ன் தியேட்டர்ஸும் அமெரிக்காவின் லிப்பர்ட் நிறுவனமும் இணைந்து தயாரித்த 'தி ஜங்கிள்' (1952), தமிழில் 'காடு' என்று வந்தது. வில்லியம் பெர்க் இயக்கம். ராட் கேமரன், சீசர் ரோமெரோ, மேரி வின்ட்சர் ஆகியோருடன் எம். என். நம்பியாரும் நடித்தார். காட்டு யானைகள் ஊர்களைத் தாக்குவதன் காரணத்தைத் தேடிப் போகிறவர்கள், அழிந்துபோன மாமூத்துகள் உயிரோடிருப்பதைக் காண்கிறார்கள். மாமூத்துகளாக வருபவை மயிர்ப்போர்வை போர்த்திய யானைகள். அமெரிக்கப் பார்வையாளர் நம்பியிருக்கலாம்; கோயில் யானையைத் தினமும் பார்த்துப் பழகிய கண்களை அந்தப் போர்வை ஏமாற்றியிருக்காது.

டார்க் ஸ்டார்

ஜான் கார்ப்பென்டரும் டான் ஓபானனும் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக மாணவர்களாக இருந்தபோது தொடங்கிய படம் 'டார்க் ஸ்டார்' (1974). வெடிக்கத் தயாராகிவிட்ட குண்டு ஒன்றிடம், உனக்கு வெளியே உலகம் இருப்பது உனக்கு எப்படித் தெரியும் என்று விண்வெளி வீரர் தத்துவ விவாதம் நடத்துகிறார். குண்டு சிந்திக்கத் தொடங்குகிறது. நகைச்சுவையாகவே தொடங்கும் இவ்விவாதம் போகப்போக நெஞ்சை அடைக்கிறது. இப்படத்தின் வேற்றுக்கோள் உயிரி, கால்களுக்குப் பதில் இரண்டு நகப்பாதங்கள் ஒட்டப்பட்ட கடற்கரைப் பந்து. அதைக் கொண்டு யாரையும் பயமுறுத்த முடியாததால் அந்தக் காட்சிகள் சிரிப்பாயின. கப்பலுக்குள் ஓர் உயிரி திரிகிறது என்ற அதே சூழலை ஓபானன் பின்னர் திகிலாகத் திருப்பி எழுதினார். அதுவே 'ஏலியன்' (1979). 'டார்க் ஸ்டார்' படத்தில் அந்தப் பந்துக்குத் தீனி போடப் போய், மின்தூக்கிக் குழியில் தொங்கி அவதிப்படும் பின்பேக்காக நடித்தவரும் ஓபானன்தான்.