மதுரையின் 625001
அஞ்சல் உறையின் ஆறு கட்டங்களில் மதுரைத் தலைமை அஞ்சலகத்துக்கு நிரப்பும் எண் 625001. பார்த்தால் பகா எண் போல விறைத்து நிற்கும். 624000, 1001 என்று பிரித்தால் இரண்டுமே 13ஆல் மீதியின்றி வகுபடும். முழுக்க உடைத்தால் 13, 131, 367 என்ற மூன்று பகா எண்கள் கிடைக்கும். அதைவிட ருசி முதல் மூன்று இலக்கத்தில். 625ஐ அதே எண்ணால் பெருக்கினால் 390625. வாலில் மறுபடியும் 625! மந்திரமல்ல. 625 நான்கு ஐந்துகளின் பெருக்கம். ஒன்று குறைந்த 624க்குள் நான்கு இரண்டுகள். ஐந்தும் இரண்டும் இணை சேர்ந்தால் பத்து. ஆகவே 625ஐ 624ஆல் பெருக்கினால் 390000, கடைசியில் நான்கு பூஜ்ஜியம். அதோடு இன்னொரு 625ஐக் கூட்டினால் கணக்கு முடிந்தது.

1972 ஆகஸ்ட் 15இல் வந்த அஞ்சல் குறியீடு வெறும் நிர்வாக ஏற்பாடு, அதில் அழகைத் தேடலாமா என்று கேட்கலாம். மதுரைக்கு இந்த எண் வாய்த்தது தற்செயல்தான். வால் திரும்புவது அப்படியல்ல; எந்த ஊருக்குக் கொடுத்திருந்தாலும் 625 இதைத்தான் செய்திருக்கும்.