செப்பேட்டுக்கு வந்த மெட்டு

திருப்பதியில் பாதுகாக்கப்படும், தெலுங்குக் கவி அன்னமாச்சாரியாரின் செப்பேடுகளில் கீர்த்தனை இருக்கிறது, அதன் தலைப்பில் ராகத்தின் பெயரும் இருக்கிறது. ஸ்வரக் குறிப்பு மட்டும் இல்லை. அந்த இடத்தை நிரப்பியவர்களின் பொறுமை ரசிக்கத்தக்கது. 'நானாடி பதுகு' கீர்த்தனைக்குக் கர்நாடக இசைப் பாடகர் நேதுனூரி கிருஷ்ணமூர்த்தி ரேவதி ராகத்தில் மெட்டமைத்தார். காந்தாரமும் தைவதமும் இல்லாத, ஐந்தே ஸ்வரங்கள் கொண்ட ராகம் அது. சுத்த ரிஷபம் ஷட்ஜத்தை ஒட்டி லேசாக அசைகிறபோது, நிலையாமையைப் பேசும் சொற்களுக்கு வேண்டிய ஏக்கம் தானாகவே வந்து சேர்கிறது. சங்கதிகள் சாகித்தியத்தை அமுக்குவதில்லை; எம்.எஸ். சுப்புலட்சுமி பாடிய பதிவில் ஒவ்வொரு சொல்லும் முழுசாகக் காதில் விழுகிறது.

1978-இல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அன்னமாச்சாரியா திட்டத்தில் சேர்ந்த கரிமெல்ல பாலகிருஷ்ண பிரசாத்தின் மெட்டுகளின் அழகு வேறு. அவர் மெட்டமைத்த கீர்த்தனைகள் 600-க்கும் மேல். சாஸ்திரீய ராகம்தான், ஆனாலும் பல்லவி இரண்டாம் முறை வரும்போதே கேட்பவர்களும் கூடச் சேர்ந்து பாடிவிடலாம். 'வினரோ பாக்யமு' தொடங்கினால் கைகள் தாமாகவே தாளம் போடும். சித்தூரிலிருந்து வரும் பக்தரும் சென்னையின் சபா ரசிகரும் ஒரே மெட்டில் ஒன்றிவிடுகிறார்கள்.