பகுதி சபை: பாதி உரிமை

திருவண்ணாமலைக்கு 2024 ஆகஸ்டில் மாநகராட்சி என்னும் பட்டம் வந்து சேர்ந்தது. புதுக்கோட்டை, நாமக்கல், காரைக்குடி ஆகிய ஊர்களுக்கும் அதே வேளையில்தான். மகிழ்ச்சி! பெயர்ப்பலகை நீண்டது, பேசும் உரிமையும் நீண்டதா? விடை தேடி, வார்டுக் குழு, பகுதி சபை ஆகியவற்றுக்கென 2022 இல் தமிழ்நாடு அரசு வகுத்த விதிகளை எடுத்துப் படித்தோம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுவோம். 1993 இல் நடைமுறைக்கு வந்த 74 ஆவது அரசியல் சட்டத் திருத்தம், மூன்று இலட்சம் மக்கள் உள்ள நகரங்களுக்கே வார்டுக் குழுவைக் கட்டாயமாக்கிற்று. 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலையின் தொகை ஒன்றரை இலட்சத்தைக்கூட எட்டவில்லை. அந்தச் சட்டத்தை மட்டும் நம்பியிருந்தால் அண்ணாமலையூர்க் குடிமகன் வாய் மூடியே இருக்க வேண்டியதுதான். மாநில விதிகள் சிறு நகரங்களுக்கும் வாசலைத் திறந்துவிட்டன. வார்டைப் பகுதிகளாகப் பிரித்து, வாக்காளர் அனைவரும் கூடிப் பேசலாம் என்றன. ஏப்ரல் 14, செப்டம்பர் 15 என அம்பேத்கரும் அண்ணாவும் பிறந்த நாட்களையே கூட்ட நாட்களாகக் குறித்ததும் நமக்கு உவப்பானதே.

ஆனால், பகுதியின் பிரதிநிதி யார்? மக்கள் தேர்ந்தெடுப்பவரா? அன்று! மாமன்றம் நியமிப்பவர். கேள்வி கேட்க வேண்டிய ஆளைக் கேள்விக்குள்ளாக வேண்டிய மன்றமே பொறுக்கி எடுக்கிறது. மாப்பிள்ளை வீட்டாரே பெண் வீட்டுக்கும் பேசுகிற கலியாணம் இது! சபை பரிந்துரைக்கலாம்; முடிவு மன்றத்தின் கையில். விரிவடையும் நகரத்தோடு சேர்க்கப்படும் ஊராட்சி மக்களோ, ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையைப் பறிகொடுத்துவிட்டு இந்தப் பாதி உரிமைக்கு வருகின்றனர். இதை உயர்வு என்கிறார்கள்!

பேச்சுரிமை வெறும் பேச்சுக்கல்ல. 2024 டிசம்பர் 1 ஆம் நாள், ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், வ.உ.சி. நகரின் மேல் மலைச்சரிவு வீழ்ந்தது. ஏழு உயிர்கள் புதைந்தன. அவர்களுள் ஐவர் சிறார். அக்கினியே மலையாய் நின்றது என்கிறது தலபுராணம். சொல்லிக்கொண்டு போகட்டும். ஊறிய மண் சரியும், தளர்ந்த பாறை உருளும் என்பது எந்தப் புராணத்துக்கும் கட்டுப்படாத இயற்கை. மழைநீர் எந்த வழியில் இறங்குகிறது, எந்தப் பாறைக்கு அடியில் மண் கரைகிறது என்பதை அடிவாரத்தில் அன்றாடம் வாழ்பவரைவிட அறிந்தவர் யார்? அவர் சொல்லை எழுதிக்கொள்ள ஓர் ஏடு, எழுதியதற்குப் பதில் சொல்ல ஓர் அதிகாரி: பகுதி சபை இதற்குப் பயன்படாவிட்டால் வேறு எதற்குப் பயன்படும்?

இனி ஊழியர். கார்த்திகைத் தீபத்திற்குப் பல இலட்சம் பேர் வந்து போகின்றனர். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் அவர்கள் விட்டுச் செல்லும் குப்பையை எந்தத் தெய்வமும் அள்ளியதில்லை. அள்ளுவது தூய்மைப் பணியாளர். துப்புரவுப் பணியாளர் என்ற பெயரை 2020 இல் மாற்றினார்கள். பெயரில் மதிப்பு ஏறியது, பிழைப்பில் ஏறவில்லை. பகுதி சபை பிறந்த அதே 2022 இல்தான், மாநகராட்சிப் பணியிடங்களைச் சுருக்கித் தூய்மை வேலையை வெளி முகமைகளிடம் விடும் அரசாணை 152 உம் பிறந்தது. ஒரு கை குடிமகனை அழைக்கிறது. மறு கை தொழிலாளியைத் தள்ளுகிறது!

ஊழியரை வளர்ப்பது பற்றி ஆட்சியாளர் நிறையவே பேசுகின்றனர். பொறியாளருக்கும் அலுவலருக்கும் பயிற்சி உண்டு, வேண்டியதுதான். அடுத்த ஒப்பந்தத்தில் தம் பெயர் இருக்குமா என்றே அறியாதவருக்கு யார் பயிற்சி தருவார், எந்தப் பதவி உயர்வுக்காகத் தருவார்? 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் பதின்மூன்று நாள் அமர்ந்திருந்த பணியாளர்கள் கேட்டதும் இந்த நிலைபேற்றைத்தான். நள்ளிரவில் போலீசாரைக் கொண்டு அகற்றப்பட்டனர். ஈரோட்டு நகரசபைத் தலைவராயிருந்து, 1919 இல் அப்பதவியை உதறிய பெரியாரின் பெயரை நாள்தோறும் சொல்லும் நாட்டில் நடந்தது இது.

செப்டம்பர் 15 இல் அண்ணா சிலைக்கு மாலையிடச் செல்லும் தோழர்கள், அன்று தம் பகுதியில் சபை எங்கே கூடுகிறது என்றும் விசாரிக்க வேண்டுகிறோம். போன கூட்டத்தின் தீர்மான ஏட்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தெரு பெருக்கும் ஒருவர் சொன்ன ஒரு வரியாவது அதில் இருக்கிறதா என்று தேடுங்கள்.