கறுங்கல் கோட்டையும் கண்ணாடிப் பெட்டியும்

ஆஸ்டன் ஹென்றி லேயார்டின் ‘நினிவேயும் அதன் எச்சங்களும்’ 1849-இல் லண்டனில் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. கதை படிக்கிற சுகத்தோடு படிக்க முடிகிற தொல்லியல் நூல்கள் குறைவு; இது அதில் ஒன்று. 1846-இல் நிம்ருத் மேட்டில் ஒரு ராட்சதச் சிலையின் தலை மண்ணுக்கு வெளியே தெரிந்ததும், நிம்ரோதே எழுந்துவிட்டான் என்று வேலையாட்கள் மிரண்டுபோகிறார்கள். சேதி மோசுல் நகரம்வரை ஓடி ஊரையே கலக்குகிறது. எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படும் இடம்.

ஆனால் அந்தப் புத்தகத்தின் தலைப்பே தப்பு. லேயார்டு தோண்டிய நிம்ருத், நினிவே அல்ல. கல்ஹு என்ற வேறொரு அசீரியத் தலைநகரம். அவருக்கு முன் 1843-இல் கோர்சாபாத்தைத் தோண்டிய பிரெஞ்சுக்காரர் போத்தாவும் தான் கண்டது நினிவே என்றுதான் சொன்னார். அது சார்கோனின் ஊர். ரெண்டு பேரும் விவிலிய நினிவேயைத் தேடிப் போனவர்கள். மண்வெட்டி இறங்கும் முன்பே ஊர்ப்பெயர் மனசில் இருந்தது. ஆப்பெழுத்தைப் படிக்கக் கற்றபிறகு, மண்ணிலிருந்து வந்த எழுத்தே இருவரையும் திருத்தியது. உண்மையான நினிவே, போத்தா கொஞ்சம் கிண்டிவிட்டு ஒன்றும் தேறவில்லை என்று கைவிட்டுப்போன குயுஞ்ஜிக் மேட்டில் இருந்தது.

ஜொகூரில் இருந்துகொண்டு இதைப் படிக்கும் எனக்குக் கோத்தா கெலாங்கிதான் ஞாபகத்துக்கு வருகிறது. ராய்மி சே-ரோஸ் 2004-இல் அரச ஆசியச் சங்கத்தின் மலேசியக் கிளை இதழில் எழுதிய கட்டுரை, ஜொகூர் ஆற்றின் மேற்பகுதிக் காட்டுக்குள் தொலைந்த நகரம் ஒன்று இருக்கலாம் என்றது. 2005-இல் பத்திரிகைகள் அதைப் பெரிசாக்கின. அரசு அனுப்பிய குழு தேடியது. தடயம் எதுவும் கிடைக்கவில்லை என்று 2006 ஏப்ரலில் அறிவிப்பு வந்தது. இன்றைக்கும் நம்மாட்கள் பேச்சில் அந்த அறிவிப்பு வருவதே இல்லை. “ராஜேந்திர சோழன் அடிச்ச ஊருங்க, நம்ம ஜொகூர்லதான் இருக்கு,” என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

சே-ரோஸ் வைத்தது ஓர் ஊகம். பழைய ஏடுகளையும் வான்வழிப் படங்களையும் வைத்துக் கட்டிய ஊகம். அதை அகழாய்வு அறிக்கைபோல் படித்தது நம் பிழை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜேந்திரன் வென்ற ஊர்களின் பட்டியல் இருக்கிறது: ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், கடாரம் என்று நீளும். கெலாங்கி என்ற பெயர் அதில் இல்லை.

பெயர் இருப்பது ‘செஜாரா மெலாயு’வில். படையெடுப்பு நடந்தது 1025-இல்; நூல் எழுதப்பட்டது 1612-இல், இதே ஜொகூர் அரசவையில். ஏறக்குறைய 600 வருட இடைவெளி. நூலின் முதல் அத்தியாயத்தில் ஜொகூர் ஆற்றின் தலைப்பகுதியில் கறுங்கல் கோட்டை வருகிறது. சோழ ராஜா அதன் அரசனைக் கொன்று மகளைக் கொண்டுபோகிறான். கோட்டையை ‘ஆதாரம்’ என்று எடுத்துக்கொள்கிறவர்கள் அதற்குப் பிறகு வருவதை வசதியாக விட்டுவிடுகிறார்கள். அந்த வம்சத்து ராஜா சீனாமேல் படையெடுக்கக் கிளம்புகிறான். சீனர்கள் ஒரு கப்பலில் துருப்பிடித்த ஊசிகளையும் காய்த்த மரங்களையும் பல்லுப்போன கிழவர்களையும் ஏற்றி அனுப்புகிறார்கள். “கிளம்பும்போது நாங்க சின்னப் பசங்க, ஊசியெல்லாம் இரும்புத் தடியா இருந்துச்சு,” என்கிறார்கள். அவ்வளவு தூரமா என்று ராஜா திரும்பிவிடுகிறான். பிறகு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்து கடலுக்குள் இறங்கி, அங்கே ஓர் இளவரசியை மணக்கிறான். கறுங்கல் வரலாறு, கண்ணாடி கற்பனை என்று பிரிக்க எந்த நியாயமும் நூலுக்குள் இல்லை.

அந்தக் கல்யாணத்தில் பிறந்தவர்கள்தான் பின்னால் புக்கிட் சிகுந்தாங்கில் தோன்றி மலாய் அரச வம்சத்துக்கு மூலமாகிறார்கள். அதாவது இந்த நூல் சோழனைத் தமிழனாக நிறுத்தவில்லை; இஸ்கந்தரின் வழித்தோன்றலாக்கி, மலாய் மன்னர்களுக்குப் பாட்டனாக்கிவிட்டது. பெருமை பேச நாம் தூக்கிக்கொண்டு அலையும் பக்கம், இன்னொருவரின் வம்சாவளிக்காக எழுதப்பட்டது. இலக்கியமாகப் பார்த்தால் எவ்வளவு அழகான காரியம்! அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

இதே கோத்தா திங்கி வட்டாரத்தில் ஜொகூர் லாமா இருக்கிறது. 1587-இல் போர்த்துக்கீசியர் அழித்த கோட்டை. 1960-இல் சோல்ஹைமும் எர்னஸ்டீன் கிரீனும் முறையாகத் தோண்டிய இடம். பானை ஓடு, பீங்கான் சில்லு எல்லாம் கைக்கு வந்தவை. நம் கூட்டங்களில் அதைப் பற்றி யாரும் பேசி நான் கேட்டதில்லை. அங்கே சோழன் வரவில்லையே!

எனக்கு உறுத்துவது இதுதான். நம்மில் பெரும்பாலோரின் பாட்டன் பாட்டி இங்கே வந்தது பால்மரம் வெட்ட. இந்த மண்ணில் நமக்கு உரிமை இருக்கிறது என்று சொல்ல, ஓர் ஊரை எரித்துவிட்டுத் திரும்பிப்போனவனை எதற்குச் சாட்சிக்குக் கூப்பிடுகிறோம்? தோட்டத்து லயமும் இடிந்துபோன கோயில் திட்டும் புதர் மண்டிய இடுகாடும் இதே மாநிலத்தில் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. அதைத் தோண்ட ஐதீகம் வேண்டாம்.

கோத்தா கெலாங்கியைத் தேடக்கூடாது என்று நான் சொல்லவில்லை. லிங்கியு அணைக்கட்டுப் பக்கம் நாளைக்கே ஒரு சுவர் தென்படலாம். அப்போது அந்தக் கல் என்ன பெயர் சொல்கிறதோ அதைக் கேட்கிற பக்குவம் வேண்டும். லேயார்டின் நிம்ருத், கல்ஹு என்று ஆனபிறகும் சின்னதாகிவிடவில்லை.