டால்பினின் மூச்சு

வீடியோ விளையாட்டைப் பற்றி ஒரு நாவலாசிரியன் எழுதுவதா என்று, இந்தக் கட்டுரைகளை வழக்கமாகப் படித்து வருகிறவர்களில் சிலர் முகம் சுளிக்கக் கூடும். சுளிக்கட்டும். 1992-ல் வெளிவந்த ‘எக்கோ தி டால்பின்’ என்ற விளையாட்டைச் சமீபத்தில் முதலிலிருந்து கடைசி வரை மறுபடியும் ஆடிப் பார்த்தேன். கதை சொல்வதைத் தொழிலாகக் கொண்டவன் யோசித்துப் பார்க்க வேண்டிய ஒரு கேள்வி அதில் இருக்கிறது. ரசிகனை ஓர் ஆசிரியன் எவ்வளவு தூரம் கஷ்டப்படுத்தலாம், எதற்காகக் கஷ்டப்படுத்தலாம் என்பதுதான் அந்தக் கேள்வி. நாவல்களை வைத்துக்கொண்டு இதை விவாதித்தால் வீண் மனஸ்தாபந்தான் மிஞ்சும். ஒரு டால்பினை வைத்துக்கொண்டு பேசினால் யாருக்கும் கோபம் வராது.

அமெரிக்காவில் ஜெனிஸிஸ் என்றும் மற்ற தேசங்களில் மெகா டிரைவ் என்றும் விற்ற ஸேகா கம்பெனியின் யந்திரத்துக்காக இது செய்யப்பட்டது. செய்தவர்கள் ஹங்கேரியில் புடாபெஸ்ட் நகரத்து நோவோட்ரேட் நிறுவனத்தார். மூல யோசனை எட் அனன்ஸியாட்டா என்பவருடையது. அந்த வருஷங்களில் வந்த விளையாட்டுகளில் கதாநாயகன் என்றால் ஓடுவான், தாவுவான், குத்துவான், சுடுவான். தலைக்கு மேல் ஓயாமல் மதிப்பெண் ஏறிக்கொண்டே இருக்கும். இங்கே கதாநாயகனுக்குக் கையே கிடையாது. மதிப்பெண்ணும் கிடையாது. நெற்றியில் ஐந்து நட்சத்திரப் புள்ளிகளோடு ஒரு டால்பின். அதன் பெயர் எக்கோ. திரையின் மூலையில் உயிருக்கு ஒரு கோடு, மூச்சுக்கு ஒரு கோடு. அவ்வளவுதான் அதன் ஆஸ்தி.

ஆரம்பத்தைச் சொல்கிறேன், அதைப் போன்ற ஆரம்பம் எனக்கு வாய்க்கவில்லையே என்று பொறாமைப்பட்டிருக்கிறேன். ஒரு விரிகுடா. நீலத் தண்ணீர். எக்கோவின் கூட்டத்தார் நீந்திக்கொண்டிருக்கிறார்கள். என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. நீந்துகிறோம், மீனைப் பிடித்துத் தின்கிறோம், துள்ளுகிறோம். ஒரு தோழன் நம்மைச் சீண்டுகிறான், ஆகாயத்தில் எத்தனை உயரம் உன்னால் எழும்ப முடியும் என்று. சரி பார்க்கலாம் என்று ஆழத்திலிருந்து வேகம் பிடித்து வந்து எழும்புகிறோம். உச்சிக்குப் போன அந்த நிமிஷத்தில் கடல் குமுறுகிறது. ஒரு சுழல் கிளம்பி விரிகுடாவில் இருந்த உயிரையெல்லாம் உறிஞ்சிக்கொண்டு வானத்துக்குப் போய்விடுகிறது. நாம் மட்டும் திரும்பத் தண்ணீரில் விழுகிறோம். தோழர்கள் இல்லை, தின்ன ஒரு மீன் கூட இல்லை. தண்ணீர் மட்டும் பழையபடி நீலமாக இருக்கிறது.

இந்த இடத்தில் ஆசிரியர் என்ன செய்திருக்கிறார் என்று கவனிக்க வேண்டும். வேறு யாராவது ஆயிருந்தால் புயல் வந்தது, கூட்டம் போயிற்று என்று படம் போட்டுக் காட்டிவிட்டுக் கதையைத் தொடங்கியிருப்பார்கள். இவர் அதை நம் கையால் செய்ய வைக்கிறார். நாம் துள்ளாத வரை புயல் வருவதில்லை. எத்தனை நேரம் வேண்டுமானாலும் அந்த விரிகுடாவில் சந்தோஷமாக நீந்திக்கொண்டே இருக்கலாம். விளையாட்டுப் புத்தியில் ஒரு துள்ளல் துள்ளினோம், குடும்பம் போய்விட்டது. நியாயமாகப் பார்த்தால் எக்கோவின் மேல் தப்பில்லை. ஆனால் மனசு நியாயமாகவா பார்க்கிறது? இந்தக் குறுகுறுப்பை உண்டாக்க நாவலில் எங்களுக்கு நாற்பது பக்கம் வேண்டும்.

இன்னொரு அழகு, பாட்டு. எக்கோ பாடினால் ஒலி அலை கிளம்பிப் போகிறது. எதிரே டால்பினோ திமிங்கிலமோ இருந்தால் அது பதில் பேசும். பாட்டை நீட்டிப் பிடித்தால் எதிரொலி திரும்பி வந்து சுற்றுப்புறத்தை வரைபடமாகக் காட்டும். வழியை மறிக்கும் ஸ்படிகங்களும் சரியான பாட்டைக் கற்றுக்கொண்டு வந்து பாடினால்தான் விலகும். பேச்சு, கண், சாவி மூன்றுக்கும் ஒரே சாதனம். கற்பனைச் சிக்கனம் என்பது இது.

இப்போது கஷ்டத்துக்கு வருகிறேன். இந்த விளையாட்டு மகா கஷ்டம் என்று உலகமெல்லாம் பெயர் வாங்கியது. அந்தப் பெயரில் பொய் இல்லை. ஆனால் இதில் உள்ள கஷ்டம் ஒரே ஜாதியைச் சேர்ந்ததல்ல.

முதல் ஜாதி மூச்சு. டால்பின் மீன் அல்ல. நம்மைப் போல் நுரையீரல் உள்ள பிராணி. மேலே வந்து காற்றை வாங்கித்தான் ஆக வேண்டும். கடலடிக் குகைகளுக்குள் நுழைந்தால் மேலே கூரை, பாறையாகவே போய்க்கொண்டிருக்கும். மூச்சுக் கோடு தேய்கிறது. இந்தத் திருப்பத்துக்கு அப்பால் காற்றுப் பொந்து இருக்குமா, அல்லது வந்த வழியே திரும்பிவிடுவதா? திரும்பினால் போய்ச் சேர மூச்சு போதுமா? நாற்காலியில் உட்கார்ந்து ஆடுகிறவன் தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வான். நான் பிடித்துக்கொண்டேன். கடைசி நொடியில் ஒரு பொந்தில் மூக்கை நீட்டி, பிளோ என்று எக்கோ மூச்சு விடும்போது வருகிற நிம்மதிக்கு ஈடு இல்லை. ஓரிடத்தில் ஒரு பெரிய ஆக்டோபஸ் வழியை அடைத்துக்கொண்டு கிடக்கிறது. அதைத் தாக்கிப் பயனில்லை; அவசரப்பட்டால் அடிக்கும். மெல்ல மெல்ல ஒதுங்கிப் போக வேண்டும். இந்தக் கஷ்டமெல்லாம் டால்பினுடைய கஷ்டம். அது இல்லாவிட்டால் எக்கோ டால்பின் உருவம் போட்ட ஒரு பொம்மைதான்.

தோற்றால் அந்தக் கட்டத்தின் தொடக்கத்துக்கே போக வேண்டும் என்பதைக் கூட இதோடு சேர்த்து ஒப்புக்கொள்வேன். உரசினாலே உயிரைக் குறைக்கும் ஜெல்லி மீன்களும் நண்டுகளும் விடாமல் துரத்தி வருவது கொஞ்சம் அலுப்பு. போகட்டும்.

நடுப்பகுதியில் கதை வெகு தூரம் போகிறது. பனிக்கடலில் ஒரு கிழத் திமிங்கிலம். அது காட்டிய வழியில் ஆஸ்டரைட் என்னும், உருண்டைகள் பின்னிப் பின்னி உயர்ந்த ஆதி உயிர். அதன் உருண்டைகளில் ஒன்று காணாமற் போயிருக்கிறது. மூழ்கிப்போன அட்லாண்டிஸில் உள்ள கால யந்திரத்தில் ஏறி 55 மில்லியன் வருஷம், அதாவது ஐந்தரைக் கோடி வருஷம், பின்னால் போய் அந்த உருண்டையைக் கொண்டு வர வேண்டுமாம். அங்கே பறக்கும் டெரானடான்களும் டிரைலோபைட்டுகளும் இருக்கின்றன. டெரானடான்கள் அதற்கும் ஒரு கோடி வருஷத்துக்கு மேல் முன்பே அழிந்தவை. டிரைலோபைட்டுகள் அழிந்து 25 கோடி வருஷம் ஆகிறது. விஞ்ஞான உபாத்தியாயர்கள் தலையில் அடித்துக்கொள்ளலாம். எனக்குக் கவலையில்லை. அந்தக் கடற்கரையில் ஒரு டெரானடான் எக்கோவைத் தூக்கிக்கொண்டு பறக்கிறது. அதற்காக எந்தக் காலக் கணக்கையும் மன்னிப்பேன். முக்கியமானது வேறு. அந்தப் பழைய காலத்து ஆஸ்டரைட்டுக்கு நம்மைத் தெரியாது. நம்மோடு சண்டை போடுகிறது. அதை அடித்துத்தான் உருண்டையைப் பறிக்கிறோம். அப்படியானால் அந்த உருண்டை காணாமற் போனது யாரால்? நம்மால்தான். துள்ளலில் ஆரம்பித்த குறுகுறுப்பு இங்கே வந்து வட்டம் போட்டுக்கொள்கிறது. இதை ஒரு வார்த்தை விளக்காமல் விட்டிருக்கிறார்கள்.

இதற்குப் பிறகுதான் எனக்குச் சண்டை. உருண்டையைத் திரும்பப் பெற்ற ஆஸ்டரைட் எக்கோவுக்கு வரம் தருகிறது. பாட்டு ஆயுதமாகிவிடுகிறது, இனி மூச்சுக்காக மேலே வர வேண்டியதில்லை. எக்கோ புயல் வந்த அதே வேளைக்குத் திரும்பிப் போய், கூட்டத்தோடு தானும் உறிஞ்சப்பட்டு, 500 வருஷத்துக்கு ஒரு முறை பூமியின் கடலில் உணவு அறுவடை செய்ய வரும் வேற்றுலகப் பிராணிகளின் யந்திரத்துக்குள் போகிறான். அந்த யந்திரக் கட்டத்தில் திரை தானாகவே நகர்கிறது. கொஞ்சம் பின்தங்கினால் சுவருக்கும் திரையின் விளிம்புக்கும் நடுவே நசுங்கிச் சாக வேண்டும். எந்தப் பக்கம் திரும்பும் என்பதை முன்கூட்டி அறிய வழியில்லை. செத்துச் செத்துத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும். அதையும் தாண்டிப் போனால் ராணி. அவளிடம் தோற்றால் மறுபடி யந்திரத்தின் முதல் அடியிலிருந்து.

மூச்சை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கடிகாரத்தை வைத்துவிட்டார்கள் என்பது என் குற்றச்சாட்டு. டால்பினாக இருப்பதன் கஷ்டம் போய், விளையாட்டு யந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவனுடைய கஷ்டம் வந்துவிட்டது. இதன் காரணத்தை அனன்ஸியாட்டாவே பின்னாளில் வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அக்காலத்தில் அமெரிக்காவில் விளையாட்டுகளை வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இருந்தன. பையன்கள் சனி ஞாயிறில் வாடகைக்கு எடுத்து, ஆடி முடித்து, திங்களன்று திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ என்று அவருக்குப் பயம். அதனால் கடினமாக்கினாராம். தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இந்த மனநிலை புரியும். இன்னும் எட்டு வாரம் நீட்டுங்கள் என்று பத்திரிகாசிரியர் சொன்னதும், கதாநாயகிக்கு டைபாய்டு வருகிறதல்லவா, அதே சமாசாரம். கலையின் தேவைக்கு வந்த வியாதி எது, வியாபாரத்தின் தேவைக்கு வந்த வியாதி எது என்று வாசகன் மோப்பம் பிடித்துவிடுவான். இங்கேயும் அப்படித்தான்.

2021-ல் நின்டென்டோவின் ஸ்விட்ச் யந்திரத்தில் சந்தாதாரர்களுக்கு இந்த விளையாட்டை மறுபடி கொடுத்தார்கள். அதில் ஒரு புதிய வசதி: செத்தால் பொத்தானை அழுத்திக் காலத்தைச் சில விநாடிகள் பின்னோக்கித் திருப்பிக்கொள்ளலாம். என் தங்கை மகன் அதில்தான் ஆடினான். குகையில் மூச்சு முட்டும்போதெல்லாம் அலட்டிக்கொள்ளாமல் திருப்பினான். “பயமாயில்லையாடா?” என்றேன். “எதுக்கு மாமா பயம்? அதான் திருப்பிக்கலாமே” என்றான். ஒரே மாலையில் அந்தக் குகைகளைக் கடந்துவிட்டான். ஒரு தடவை கூட மூச்சைப் பிடிக்கவில்லை. பிறகு பழைய ஆஸ்டரைட்டை அடித்து உருண்டையைப் பறித்தபோது மட்டும், “அப்ப திருடினது நானா மாமா?” என்று பொத்தானை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தான். அந்த வசதி இல்லாவிட்டால் அவன் அந்தக் கேள்வி வரைக்கும் வந்திருக்கவே மாட்டான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முப்பது வருஷத்துக்கு முன் இதை வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேர் பாதியில் விட்டார்களோ!

ஆகையால் இதை ஆடிப் பார்க்க நினைக்கிற வாசகர்களுக்கு ஒரு யோசனை. விரிகுடாவிலிருந்து ஐந்தரைக் கோடி வருஷத்துக்கு அப்பால் போய்த் திரும்பும் வரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். குகையில் நாலு தடவை செத்தால் சாகட்டும். ஐந்தாவது தடவை காற்றுப் பொந்து எங்கே என்று பாட்டே சொல்லிக் கொடுக்கும். யந்திரத்துக்குள் நுழைந்த பிறகு தாராளமாகத் திருப்பிக்கொள்ளுங்கள். அங்கே நம்மை நசுக்குவது வாடகைக் கடை.