பேட்டைக்காரனின் குரல்

2011 பொங்கலுக்கு வந்த 'ஆடுகளம்' படத்தை நான் பார்த்தது தனுஷுக்காக அல்ல, வ.ஐ.ச. ஜெயபாலனுக்காக. தமிழ் சிறப்புப் பட்டத்துக்குப் படித்த காலத்திலிருந்தே அவருடைய கவிதைகளோடு எனக்குப் பழக்கம். முஸ்லிம்களுடைய அரசியலைத் தனியாகப் பார்க்கவேண்டும் என்று 80களிலேயே எழுதிய தமிழர் என்பதால் எங்கட ஆக்களிடம் அவருக்கு ஒரு மதிப்பும் உண்டு. நோர்வேயில் குடியேறிய அந்தக் கவிஞர், அறுபது கடந்த வயதில் தமிழகத் திரையில் பெரிய வேடமொன்றில் வருகிறார் என்றால் பார்க்காமல் இருப்பதா? பார்த்தேன். பேட்டைக்காரன் வாய் திறந்தார். கேட்டது ராதாரவியின் குரல்.

இதற்கு நியாயம் இல்லாமலில்லை. மதுரையில் சேவற்கட்டு நடத்தும் கிழவர் யாழ்ப்பாணத் தமிழில் பேசினால் படம் நிற்காது. அதே படத்தில் கிஷோருக்கு சமுத்திரக்கனியும் டாப்சிக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்திருக்கிறார்கள்தானே என்று கேட்கலாம். ஆனால், கிஷோர் கன்னடர், டாப்சி பஞ்சாபி. ஜெயபாலனோ தமிழையே முதலாக வைத்து வாழ்ந்தவர். தமிழே தெரியாதவருக்கும் தமிழ்க் கவிஞருக்கும் கோடம்பாக்கம் ஒரே மருந்தைத்தான் கொடுத்தது.

நடிப்பில் என்ன மிஞ்சியது என்று பார்த்தால், முகம் மிஞ்சியது. உதவாது என்று தான் தள்ளிய சேவலை சீடன் கறுப்பு களத்தில் இறக்கி வெல்லும்போது பேட்டைக்காரனின் முகத்தைப் பாருங்கள். கோபம் உடனே வராது. முதலில் ஒரு திகைப்பு, பிறகு சபையில் தன் சொல் விழுந்துவிட்டதே என்ற வெட்கம். பொறாமை அதற்கும் பிறகுதான் மெல்ல வந்து உட்காருகிறது. அந்த நிதானம் பழகிய நடிகர்களிடம்கூட அபூர்வம். ராதாரவியின் குரல் நல்ல குரல்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் எத்தனையோ படங்களில் வில்லனாகக் கேட்டுப் பழகிய குரல் அது. முகம் இன்னும் தயங்கிக்கொண்டிருக்கும்போதே அந்தக் குரல் இந்த ஆள் கெட்டவன் என்று சொல்லிவிடுகிறது. படத்துக்குக் கிடைத்த ஆறு தேசிய விருதுகளில் ஜெயபாலனின் சிறப்புக் குறிப்பும் ஒன்று. பாதி நடிப்புக்கே அது கிடைத்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

ஈழத்துப் பேச்சு தமிழ் சினிமாவுக்குத் தெரியாத சாமான் இல்லை. 2000இல் 'தெனாலி'யில் கமல்ஹாசன் படம் முழுக்க அதைத்தானே பேசினார்! அவருக்கு அதைப் பழக்கியவர் எங்கள் பி.எச். அப்துல் ஹமீத். இந்திய நட்சத்திரத்தின் வாயில் வந்தால் எங்கள் பேச்சு திறமை, சிரிப்பு, கைதட்டல். எங்கள் ஆளின் வாயில் வந்தால் திருத்தவேண்டிய பிழை. புலம்பெயர்ந்த நாடுகளிலிருந்து வாய்ப்புத் தேடிச் சென்னைக்குப் போகிறவன் எத்தனை வருஷம் அலைந்தாலும் கடைசியில் இந்த வாசலில்தான் வந்து நிற்கிறான்.

கோடம்பாக்கத்தை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. தமிழ்மொழித்தினப் போட்டிக்கு நாடகம் பழக்கும்போது பிள்ளைகளின் 'உம்மா'வையும் 'வாப்பா'வையும் அடித்துவிட்டு 'அம்மா', 'அப்பா' என்று எழுதிக் கொடுத்தவன் நான். நடுவர் புள்ளி குறைப்பாரோ என்ற பயம். வீட்டில் கணீரென்று பேசுகிற பிள்ளை மேடையில் பாடம் ஒப்புவித்தது. அதையும் நான் உச்சரிப்புத் திருத்தம் என்றுதான் அப்போது சொன்னேன்.

2015இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற 'தீபன்' பிரெஞ்சுப் படம். இயக்கிய ஜாக் ஓடியாருக்குத் தமிழ் தெரியாது. அதில் முன்னாள் போராளியாக வரும் ஷோபாசக்தி தன்ட சொந்தக் குரலில், தன்ட சொந்தத் தமிழில் பேசுகிறார். ஜெயபாலனைப் போல அவரும் எழுத்தாளர், புலம்பெயர்ந்தவர், பிந்தி நடிக்க வந்தவர். அவருடைய சொல் வாயில் தடங்கும் இடங்களில் அந்தப் பாத்திரத்தின் பயம் தெரிகிறது. பின்னணிக் குரல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தத் தடங்கலை முதலில் துடைத்துவிடுவார். அந்தப் படத்தில் தன் பேச்சை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தவர், ஈழத்துப் பெண்ணாக நடித்த சென்னை நாடக நடிகை காளீஸ்வரி சீனிவாசன்.