வினை வழி வருணனை: பள்ளிக் கட்டுரைப் பயிற்சியில் இலக்கணத்தின் இடம்

பள்ளி மாணவர் கட்டுரைகளில் வருணனை பெரும்பாலும் அடைமொழிகளின் அடுக்காகவே அமைகிறது. 'மழை மிகவும் பலமாகப் பெய்தது. பார்ப்பதற்கு அழகாக இருந்தது' என்பது பிழையற்ற தொடர்தான். ஆயினும் படிப்பவர் கண்முன் ஒரு துளியும் விழுவதில்லை. இதற்குச் சொல்வளமின்மையைக் காரணமாகக் காட்டுவதுண்டு. அது முழு உண்மையன்று. மாணவர் கற்ற இலக்கணம் எழுதும் கருவியாக அவர்கள் கைக்கு வந்து சேரவில்லை என்பதே முதன்மைக் காரணம்.

இரட்டைக்கிளவி இதற்குத் தக்க சான்று. 'இலக்கணக் குறிப்புத் தருக' என்னும் வினாவோடு அதன் பணி முடிந்துவிடுகிறது. ஒலியை மட்டுமன்றி ஒளியையும் (பளபள), தொடுபுலனையும் (சொரசொர) உணர்த்தவல்லது அது. 'ஓட்டுக்கூரையில் மழை சடசடவென இறங்கியது. கோழிகள் திண்ணையோரம் ஒண்டின' என எழுதினால் 'பலமாக', 'அழகாக' என்பவை வேண்டாதவையாகின்றன. இங்குச் 'சடசட'வைவிட 'ஒண்டின' என்னும் வினையே காட்சியை நிறுத்துகிறது என்பது நோக்கத்தக்கது. ஆறு என்றாலே 'சலசல' என்றாகிவிட்டால் இரட்டைக்கிளவியும் மற்றோர் அடைமொழியே.

உவமையிலும் இதே நிலைதான். தொல்காப்பிய உவமவியல் வினை, பயன், மெய், உரு என்னும் நான்கனுள் வினையை முதலில் வைக்கிறது. வைப்புமுறையை மட்டும் கொண்டு முதன்மை பேச இயலாது. எனினும் மாணவர் உவமைகள் நிலவுமுகம், முத்துப்பல் என உருவோடு நின்றுவிடுவதை எண்ணும்போது வினையுவமத்தை நினைவூட்டுவது தகும்.

மிகுந்த பயன் தரவல்லது வினையெச்சமே. 'தாத்தா சோகமாக இருந்தார்' என்பது செய்தி. 'தாத்தா கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, விளக்கைப் போடாமல் நாற்காலியில் அமர்ந்தார்' என்பதில் சோகம் என்னும் சொல்லே இல்லை. 'போடாமல்' என்ற எதிர்மறை வினையெச்சம் அதனைச் சுமக்கிறது. அவ்வெச்சத்தைப் பிரித்து, 'தாத்தா கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, நாற்காலியில் அமர்ந்தார். விளக்கைப் போடவில்லை' என இரு தொடராக்கினால் பொருள் மாறுவதில்லை, அழுத்தம் மாறுகிறது. முன்னதில் இருள் பிற செயல்களோடு கலந்து கடந்துபோகிறது. பின்னதில் படிப்பவர் அங்கே நிற்கிறார்.

'கலவைத் தொடராக மாற்றுக' என்னும் பயிற்சி இவ்வேறுபாட்டைக் கேட்பதில்லை. வடிவம் மாறினால் மதிப்பெண் கிடைத்துவிடுகிறது. அதே வினாவோடு 'இவ்விரண்டில் எது தாத்தாவின் வீட்டை இருட்டாக்குகிறது, ஏன்?' என ஒரு வரி சேர்ப்பதற்குப் பாடத்திட்ட மாற்றம் ஏதும் தேவையில்லை.